ஸ்டூல் மீது நின்று உயிர் காத்த தச்சர் மகன்

ஆபரேஷன் மேஜையில் கத்தி பிடிப்பவர் ஒருவர். பக்கத்தில் நின்று கை கொடுப்பவர் இன்னொருவர்.

வெற்றி கிடைத்தால், கத்தி பிடித்தவர் பெயர் ஊரெல்லாம் பரவும். கை கொடுத்தவர் பெயர் ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி வெளியே வராது.

ஆனால், கத்தி பிடித்த டாக்டருக்கே வழி சொன்ன உதவியாளர் ஒருவர் இருந்தார். டாக்டர் தயங்கியபோது, சரி என்று தைரியம் சொன்னார். டாக்டர் ஊசியைத் திசை மாற்றிக் குத்தியபோது, அது தவறு என்று திருத்தினார்.

அந்த உதவியாளர் டாக்டர் அல்ல. கல்லூரிப் பட்டம் பெற்றவரும் அல்ல. அவர் ஒரு தச்சர் மகன். அமெரிக்காவில் கறுப்பராகப் பிறந்தவர்.

அவர் பெயர் விவியன் தாமஸ்.

பெண் பெயர் கொண்ட பிள்ளை

1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் விவியன் தாமஸ் பிறந்தார்.

விவியன் என்பது பெண்களுக்கு வைக்கும் பெயர். பெண் குழந்தை பிறக்கும் என்று பெற்றோர் எதிர்பார்த்தார்கள். பெயரையும் முடிவு செய்து விட்டார்கள். பிறந்ததோ ஆண் குழந்தை! முடிவு செய்த பெயரையே, எழுத்தைச் சிறிது மாற்றி வைத்து விட்டார்கள்.

பிறகு குடும்பம் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரத்தில் குடியேறியது.

தந்தை தச்சு வேலை செய்பவர். வீடு கட்டிக் கொடுப்பவர். பள்ளிக்கூடம் விட்டதும் மகனும் தந்தையுடன் வேலைக்குப் போவான்.

மரத்தை வெட்டும் முன் நன்றாக அளக்க வேண்டும். அறுத்த மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. இணைப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. இதெல்லாம் தச்சுப் பட்டறையில் சிறுவன் கற்ற பாடம். இந்தப் பாடம் ஒரு நாள் குழந்தையின் இருதயத்துக்குப் பக்கத்தில் பயன்படப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

தாமஸ் நன்றாகப் படித்தார். 1929-ம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்தார். டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. கல்லூரிச் சம்பளத்துக்காக, தச்சு வேலை செய்து காசு சேர்த்தார்.

பாங்கு திவால்

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. தொழில்கள் படுத்தன. லட்சக்கணக்கான பேர் வேலை இழந்தார்கள். தாமசுக்கும் வேலை போய் விட்டது.

கல்லூரிக்குப் போவதைச் சிறிது காலம் தள்ளி வைத்தார். வேறு வேலை தேடினார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு இடம் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார்.

1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தாமஸ் அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 19.

அங்கே இருந்தவர் டாக்டர் ஆல்பிரட் பிளேலாக். வயது 30. ஆராய்ச்சியில் வேகம் கொண்ட ரண சிகிச்சை நிபுணர். தமது ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு உதவியாளர் தேவை என்றார். சொல்லிக் கொடுத்தால், ஒரு நாள் தாமே தனியாக வேலை செய்யக்கூடிய ஆளாக அவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

சம்பளம் வாரத்துக்கு 12 டாலர். தச்சு வேலையில் கிடைத்ததைவிடக் குறைவு. நிலைமை சரியாகும்வரை இருப்போம் என்று நினைத்து தாமஸ் சேர்ந்தார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நாஷ்வில் நகர பாங்குகள் முறிந்தன. கல்லூரிக்காக அவர் சேர்த்து வைத்த பணம் முழுவதும் போய் விட்டது.

சில காலத்துக்கென்று வந்த வேலையே வாழ்க்கை ஆகியது.

மரியாதை கேட்ட வாலிபர்

தாமஸ் மிக விரைவில் வேலையைக் கற்றுக் கொண்டார். நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது, ரத்தக் குழாயைப் பிரித்து எடுப்பது, ரத்த அழுத்தத்தை அளப்பது, எல்லாவற்றையும் குறித்து வைப்பது ஆகிய எல்லா வேலைகளும் அவர் கைக்கு வந்தன. ரசாயனத்தையும் உடல் இயலையும் தாமே படித்துத் தெரிந்து கொண்டார்.

சேர்ந்த சில மாதங்களில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு சோதனையில் ஏதோ தவறு நேர்ந்து விட்டது. பிளேலாக் கோபத்தில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டி விட்டார்.

தாமஸ் எதிர்த்துப் பேசவில்லை. வேலை உடையைக் கழற்றினார். தமது உடையைப் போட்டுக் கொண்டார். நேராக டாக்டரிடம் போனார். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான் அல்ல. இந்த முறையில் பேசுவதானால் இங்கே வேலை செய்ய முடியாது என்று சொல்லி விட்டார்.

அன்றைய அமெரிக்காவின் தென் பகுதியில், ஒரு கறுப்பு வாலிபர் வெள்ளைக்கார டாக்டரிடம் இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் அல்ல. வேலை போயிருக்கும். அதற்கு மேலும் நடந்திருக்கும்.

ஆனால் பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். இனி நாக்கை அடக்குவதாகச் சொன்னார். சொன்னபடியே நடந்தார்.

இருவரும் சேர்ந்து 34 ஆண்டுகள் வேலை செய்தார்கள். அதற்கு அஸ்திவாரம் அன்று போடப்பட்டது. மனத்தில் உள்ளதை டாக்டரிடம் நேரே சொல்லலாம் என்ற உரிமையை, தாமஸ் அன்று பெற்றார். பிற்காலத்தில் அந்த உரிமை குழந்தைகளின் உயிரைக் காத்தது.

வேலை பெரிது, பதவி சிறிது

பலத்த காயம் பட்டவர்கள் அதிர்ச்சி நிலைக்குப் போய்த் திடீரென்று இறந்து விடுவார்கள். காயத்திலிருந்து ஏதோ விஷம் உடம்பில் பரவுவதுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள்.

பிளேலாக்கும் தாமசும் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடத்தினார்கள். காரணம் விஷம் அல்ல, ரத்தமும் நீரும் குழாய்களை விட்டு வெளியேறுவதுதான் என்று காட்டினார்கள். இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம் என்பது தெரிந்தது.

இரண்டாவது உலகப் போரில் காயம் பட்ட வீரர்களுக்கு ரத்தமும், ரத்த நீரும் ஏற்றி உயிர் காக்க இந்த ஆராய்ச்சி உதவியது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிக்கு எவ்வளவு நீர் ஏறுகிறது, எவ்வளவு ரத்தம் போகிறது என்று இன்று கணக்குப் பார்க்கிறார்கள் அல்லவா? அதற்கும் இந்த ஆராய்ச்சி துணை நிற்கிறது.

இவ்வளவு செய்த தாமசுக்குப் பல்கலைக்கழகக் கணக்கில் என்ன பதவி தெரியுமா? துப்புரவுப் பணியாளர்! சம்பளமும் அந்த வகுப்புச் சம்பளந்தான்.

இதைத் தெரிந்து கொண்ட தாமஸ், டாக்டரிடம் போய்க் கேட்டார். பிறகு சம்பளம் உயர்ந்தது.

1933-ம் ஆண்டு தாமசுக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் கிளாரா. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

பால்டிமோர் பயணம்

1941-ம் ஆண்டு பிளேலாக்குக்குப் பெரிய பதவி கிடைத்தது. பால்டிமோர் நகரத்தில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சைப் பகுதித் தலைவர் பதவி. தாமசையும் தம்முடன் அழைத்துக்கொண்டு போனார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் புகழ் பெற்ற இடம். ஆனால் அங்கே கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள். கறுப்பு நோயாளிகள் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். துப்புரவு வேலை போன்ற வேலைகளில்தான் கறுப்பர்களைப் பார்க்க முடியும்.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு கறுப்பர் வெள்ளைக் கோட்டு அணிந்து நடந்தார். எல்லோரும் நின்று பார்த்தார்கள். அதன் பிறகு, ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பிளேலாக்கின் அறைக்குப் போகும்போதெல்லாம், தாமஸ் கோட்டைக் கழற்றி விட்டுச் சாதாரண உடையில் போகத் தொடங்கினார்.

நீலக் குழந்தை என்றால் என்ன?

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இருதய நோய்ப் பகுதிக்குத் தலைவியாக இருந்தவர் டாக்டர் ஹெலன் டௌசிக். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து, இருதயம் துடிக்கும் விதத்தை உணர்ந்து நோயைக் கண்டுபிடிப்பார்.

அவரிடம் வந்த குழந்தைகளில் பலருக்கு உதடும் நகமும் நீல நிறமாக இருக்கும். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். நடக்க முடியாமல் குந்தி உட்கார்ந்து விடும். இவர்களைத்தான் நீலக் குழந்தைகள் என்பார்கள்.

என்ன காரணம்?

நம் உடம்பில் ஓடிக் களைத்த ரத்தம் இருதயத்தின் வலது பக்கம் வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ப் பிராண வாயுவை ஏற்றிக் கொள்கிறது. செக்கச் சிவந்த ரத்தமாக இடது பக்கம் வந்து, உடம்பு முழுவதும் ஓடுகிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் நாலு குறைகள் இருக்கும். நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகி இருக்கும். இருதயத்தின் நடுச் சுவரில் ஓட்டை இருக்கும். பெரிய ரத்தக் குழாய் இடம் மாறி அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும். வலது பக்கத் தசை தடித்துப் போயிருக்கும்.

அதனால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாது. பிராண வாயு இல்லாத கறுத்த ரத்தமே உடம்பெல்லாம் ஓடும். குழந்தை நீலமாகத் தெரியும். வளர்ந்து பெரியவராவது அரிது.

நுரையீரலுக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் போக வழி செய்தால் இந்தக் குழந்தைகள் பிழைக்கும் என்பது டௌசிக்கின் எண்ணம். 1943-ம் ஆண்டு அவர் பிளேலாக்கிடமும் தாமசிடமும் இதைச் சொன்னார். குழாய் வேலை செய்பவர் தண்ணீர்க் குழாயை மாற்றிப் பூட்டுவதுபோல் ரத்தக் குழாயை மாற்றிப் பூட்ட முடியாதா என்பது அவர் கேள்வி.

இருவருக்கும் பழைய சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. கைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயை நுரையீரல் குழாயுடன் இணைத்து, 1938-ம் ஆண்டு வேறு ஒரு காரணத்துக்காக நாய்களிடம் சோதித்திருந்தார்கள். அன்று தேடியது கிடைக்கவில்லை. ஆனால் இப்போது தேவையான வழி அதில்தான் இருந்தது!

200 சோதனைகள்

வழி தெரிந்தது. அதைக் குழந்தையிடம் செய்யலாமா? அங்கேதான் தாமசின் வேலை தொடங்கியது.

முதலில் நாய்க்கு அதே நோய் போன்ற நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரி செய்ய வேண்டும். குழாயை எங்கே வெட்டுவது? எவ்வளவு நீளம் வேண்டும்? இணைத்த இடம் கசியுமா? ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்ளுமா? தையல் போடும்வரை ரத்தத்தைப் பிடித்து நிறுத்தினால் உயிர் தாங்குமா?

ஒவ்வொரு கேள்விக்கும் விடை கண்டபிறகே அடுத்ததற்குப் போனார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்தார். சுமார் 200 நாய்களிடம் சோதனை நடந்தது. அவற்றில் நீண்ட நாள் பிழைத்த முதல் நாய் அன்னா. அந்த நாயின் படம் பிற்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்சில் மாட்டி வைக்கப்பட்டது.

இவ்வளவு சிறிய ரத்தக் குழாய்களைத் தைக்கும் கருவிகள் அப்போது கடையில் கிடைக்காது. கிடைத்த கருவிகளை தாமஸ் மாற்றி அமைத்தார். ஊசியைச் சிறியதாக நறுக்கி, முனையைத் தீட்டிக் கூராக்கினார். தச்சர் மகனின் கை அல்லவா!

1944-ம் ஆண்டு முடிவில், இந்த ஆபரேஷனை முழுவதும் அறிந்த மனிதர் உலகிலேயே ஒருவர்தான். அவர் விவியன் தாமஸ். பிளேலாக் ஒரே ஒரு முறைதான் நாய்க்கு அதைச் செய்திருந்தார். அதுவும் தாமசுக்கு உதவியாளராக நின்று!

அந்த நாள்

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி.

ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஆபரேஷன் அறைக்குக் கொண்டு வந்தார்கள். எடை 4 கிலோதான். நீலம் பாய்ந்த உடம்பு. நாளுக்கு நாள் நிலைமை மோசமாகிக் கொண்டிருந்தது. இன்னும் காத்திருக்க நேரம் இல்லை.

மயக்க மருந்து கொடுக்க ஒரு டாக்டர். பக்கத்தில் உதவ ஒரு டாக்டர். குழந்தைக்குச் செலுத்தும் நீரைக் கவனிக்க டென்டன் கூலி என்ற இளம் டாக்டர். டௌசிக்கும் அங்கே இருந்தார். ஆனால் தாமஸ் இல்லை.

தாம் அங்கே நின்றால் டாக்டருக்குப் படபடப்பு வரலாம் என்று அவர் ஆராய்ச்சிக் கூடத்திலேயே இருந்து விட்டார்.

பிளேலாக் சுற்றிலும் பார்த்தார். விவியனை உடனே அழைத்து வரும்படி ஆள் அனுப்பினார். அவர் வந்த பிறகுதான் பிளேலாக்குக்கு நிம்மதி.

தமக்குப் பின்னால், வலது தோளுக்கு அருகில், தாமசை நிற்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே தெரியவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டார்கள். தாமஸ் அதன் மீது ஏறி நின்றார்.

குழந்தையின் மார்பைத் திறந்தார்கள். ரத்தக் குழாய், சோதனையில் பார்த்த நாயின் குழாயில் பாதிகூட இல்லை!

பிளேலாக் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பித் திரும்பிக் கேட்டார். குழாயின் நீளம் போதுமா, வெட்டிய வாய் சரியாக இருக்கிறதா, தையல் நெருக்கம் சரிதானா என்று கேட்டார். தாமஸ் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். ஊசி தவறான திசையில் போனபோது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரியின் ரண சிகிச்சைத் தலைவருக்கு, பட்டம் இல்லாத ஒரு கறுப்பர் எல்லோர் முன்னிலையிலும் திருத்தம் சொன்னார். தலைவர் கோபம் கொள்ளவில்லை. கேட்டு நடந்தார்.

தையல் முடிந்தது. ரத்தத்தைப் பிடித்திருந்த இடுக்கிகளை எடுத்தார்கள். இணைப்புப் பிடித்து நின்றது. ரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்தது.

குழந்தை ஆபரேஷனைத் தாண்டிப் பிழைத்தது. உடல் தேறி, பிறகு வீட்டுக்குப் போனது. ஆனால் சில மாதங்களில் மறுபடி நீலம் படர்ந்தது. 1945-ம் ஆண்டு இரண்டாவது ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. அந்தப் பிஞ்சுக் குழந்தை சில மாதங்கள்தான் கூடுதலாக வாழ்ந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அது வழி திறந்து விட்டது.

ரோஜா நிற உதடு

1945-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு இதே ஆபரேஷன் நடந்தது.

மூன்றாவதாக வந்தவன் ஆறு வயதுச் சிறுவன். இடுக்கிகளை எடுத்தவுடன், எல்லோர் கண் முன்னாலும் அவனுடைய நீல உதடு ரோஜா நிறமாக மாறியது! ஆபரேஷன் அறையில் இருந்தவர்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

செய்தி உலகம் முழுவதும் பரவியது. பல ஆயிரம் மைல் தூரத்திலிருந்தும் பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். ஒரே ஆண்டில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது.

முதல் 100 ஆபரேஷன்களுக்கு மேல், பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் தாமஸ் நின்றார். வேறு யாராவது அந்த இடத்தில் வந்து நின்றால், அது விவியனுடைய இடம் என்று பிளேலாக் விலகச் சொல்லி விடுவார்.

பெயர் இல்லாத புகழ்

1945-ம் ஆண்டு மே மாதம் இந்த ஆபரேஷன் பற்றிய கட்டுரை மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. எழுதியவர்கள் பிளேலாக், டௌசிக். ஆபரேஷனுக்கும் அவர்கள் இருவர் பெயரே வைக்கப்பட்டது.

அந்தக் கட்டுரையில் விவியன் தாமஸ் என்ற பெயர் இல்லை.

பத்திரிகைகளில் படங்கள் வந்தன. விருதுகள் வந்தன. எதிலும் தாமஸ் இல்லை.

சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. பிளேலாக் வீட்டில் விருந்து நடக்கும்போது, தாமஸ் அங்கே போய் மது பரிமாறி உபரிப் பணம் சம்பாதித்தார். பகலில் அவரிடம் தையல் கற்றுக்கொண்ட டாக்டர்கள், மாலையில் அவர் கையிலிருந்து கோப்பை வாங்கிக் குடித்தார்கள்.

ஒரு கட்டத்தில், நாஷ்வில் நகரத்துக்கே திரும்பிப் போய்த் தச்சு வேலை செய்யலாமா என்று தாமஸ் யோசித்தார். விஷயம் தெரிந்ததும் பிளேலாக் முயன்று சம்பளத்தை நன்றாக உயர்த்தச் செய்தார். தாமஸ் தங்கி விட்டார்.

டாக்டர் ஆசை அவரை விடவில்லை. 1947-ம் ஆண்டு ஒரு கல்லூரியில் பெயர் பதிவு செய்தார். செய்த வேலைக்கும் பெற்ற அனுபவத்துக்கும் எந்தச் சலுகையும் இல்லை. முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. கல்லூரியும் மருத்துவப் படிப்பும் முடிக்கும்போது வயது 50 ஆகி விடும். அந்த ஆசையை அத்துடன் விட்டார்.

டாக்டர்களுக்கு ஆசிரியர்

டாக்டர் ஆக முடியாதவர், டாக்டர்களை உருவாக்கினார்.

பயிற்சிக்கு வந்த இளம் ரண சிகிச்சை டாக்டர்கள் பல ஆண்டுகள் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில்தான் கை பழகினார்கள். முதல் ஆபரேஷனில் நீரைக் கவனித்த டென்டன் கூலி, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். 1969-ம் ஆண்டு மனிதனுக்கு முதன் முதலாகச் செயற்கை இருதயம் பொருத்தியவர் அவர்தான். தாமசின் கையில் ஒரு வீண் அசைவுகூட இருக்காது என்று அவர் நினைவு கூர்ந்தார்.

ஒரு முறை, இருதயத்தின் உள்ளே தாமஸ் புதிதாகச் செய்த ஒரு ஆபரேஷனை பிளேலாக் தடவிப் பார்த்தார். தையல் போட்ட தடமே தெரியவில்லை. கடவுள் செய்த வேலைபோல் இருக்கிறது என்று வியந்தார்.

கறுப்பு இளைஞர்களையும் தாமஸ் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்கிக் கொண்டிருந்த ஒருவர் அவரிடம் வேலை கற்றார். பிறகு டாக்டர் பட்டம் இல்லாமலே, இருதய ஆபரேஷன் பகுதியில் மருத்துவ உதவியாளராக உயர்ந்தார். ஒரு ஸ்டூல் போட்டு நின்ற மனிதர், மற்றவர்கள் ஏறி வரப் படி போட்டுக் கொடுத்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவு

ஆபரேஷன் செய்பவரின் கண், வெட்டும் இடத்தில்தான் இருக்கும். மற்றதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். நல்ல உதவியாளர் அந்த இன்னொரு கண்.

அடுத்து என்ன கருவி வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு ரத்தம் போகிறது என்று கவனிக்க வேண்டும். தவறு தெரிந்தால், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரியவரானாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

2008-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் அறைகளுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 விஷயங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டு போகும் முன் என்று மூன்று தடவை நின்று சரிபார்க்க வேண்டும்.

நோயாளி இவர்தானா, ஆபரேஷன் செய்யும் இடம் இதுதானா என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். ஊசி, பஞ்சு, கருவி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அறையில் உள்ள டாக்டர், நர்சு எல்லோரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி அறிமுகம் ஆனவர்கள், தவறு கண்டால் தயங்காமல் பேசுவார்கள் என்பதே இதன் நோக்கம்.

1944-ம் ஆண்டில் இப்படி எந்தப் பட்டியலும் இல்லை. தெரிந்தவர் சொன்னார், பெரியவர் கேட்டார். குழந்தை பிழைத்தது.

தாமதமாக வந்த மரியாதை

1964-ம் ஆண்டு பிளேலாக் காலமானார். தாமஸ் தம் வேலையைத் தொடர்ந்து செய்தார்.

1971-ம் ஆண்டு, அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர்கள் ஒன்று சேர்ந்தார்கள். தாமசின் உருவப் படத்தை வரையச் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். எந்த வெள்ளைக் கோட்டை அணிந்து நடக்க அவர் கூச்சப்பட வேண்டியிருந்ததோ, அதே ஆஸ்பத்திரியில் பிளேலாக்கின் படத்துக்கு அருகே அவர் படம் ஏறியது.

1976-ம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. விதிப்படி மருத்துவப் பட்டம் கொடுக்க முடியாததால், அது சட்டத் துறைப் பட்டமாக இருந்தது. ரண சிகிச்சைத் துறை ஆசிரியர் பதவியும் கிடைத்தது. துப்புரவுப் பணியாளர் என்று கணக்கில் எழுதப்பட்டவரை, 46 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோரும் டாக்டர் தாமஸ் என்று அழைத்தார்கள்.

1979-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1985-ம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ந் தேதி, 75-வது வயதில் அவர் இறந்தார். சில நாட்களில் அவர் எழுதிய புத்தகம் வெளியானது. அச்சில் வந்த தம் கதையைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

2004-ம் ஆண்டு அவர் வாழ்க்கை டெலிவிஷன் படமாக வந்தது. அமெரிக்காவின் எம்மி விருதையும் பெற்றது.

இருதயத்தை நிறுத்தி, உள்ளே திறந்து சரி செய்யும் ஆபரேஷன்கள் பிறகு வந்து விட்டன. ஆனாலும் தாமஸ் கண்ட இணைப்பு, மாற்றிய வடிவில், இன்றும் சில பச்சைக் குழந்தைகளுக்கு உயிர் கொடுக்கிறது.

அதற்கு பிளேலாக், டௌசிக் என்ற இரண்டு பெயர்களே நெடுங்காலம் இருந்தன. இப்போது பல டாக்டர்கள் மூன்றாவது பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அந்த மூன்றாவது பெயர், தாமஸ்.